பழைய புல்லட் பெயிண்ட்டை உரிச்சு புதுசா அடிக்கிறது எப்படி: உப்புக்காத்து ஊர்ல இருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்க ஊரு தூத்துக்குடி. ஒரு பக்கம் கடல், மத்த பக்கமெல்லாம் உப்பளம், புது இரும்பு கேட்டு மாட்டினா ரெண்டு மழைக்குள்ள கீல்ல துரு இறங்கிடும். இந்த ஊர்ல எங்க பெரியப்பா 1987 மாடல் புல்லட் 350-ஐ முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டிட்டு என்கிட்ட கொடுத்தாங்க. கொடுத்தப்ப எஞ்சின் நல்லா இருந்துச்சு, உடம்புதான் போயிருந்துச்சு, மட்கார்டு ஓரமெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிருது. ஒரு கடையில கொடுத்து பெயிண்ட் அடிச்சு வாங்கினேன், தீபாவளிக்கு கண்ணாடி மாதிரி வந்துச்சு, அடுத்த பங்குனிக்குள்ள டேங்க்ல சின்னச் சின்னதா கொப்புளம். ஒரு கொப்புளத்தை நகத்தால கீறிப் பாத்தா உள்ள பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசற மாவு), பட்டிக்கு அடியில பழைய துரு அப்படியே ஈரமா இருக்கு.

அன்னைக்கு முடிவு பண்ணேன், இதை நானே முழுசா பிரிச்சு நானே அடிக்கணும்னு. அடிச்சு அஞ்சு மழைக்காலம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு கொப்புளம் கூட இல்ல. நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். கலர் கோட்டுக்கு எவ்வளவு காசு போட்டாலும் சரி, பழைய பெயிண்ட் போனதுக்கும் பிரைமர் ஏறுறதுக்கும் நடுவுல இரும்பு வெறும் உடம்பா நிக்குதே, அந்த சில மணி நேரம்தான் பெயிண்ட் எத்தனை வருஷம் நிக்கும்னு முடிவு பண்ணுது. அதனால இந்த வழிகாட்டில அந்த இடத்துல நிறைய பேசுவேன், கலர் அடிக்கிறதை கொஞ்சமா பேசுவேன்.

புல்லட்டை வச்சு சொல்றேன். ராஜ்தூத், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 எதுவா இருந்தாலும் இரும்பு பார்ட்டுக்கு முறை இதேதான்.

கலர் வாங்கறதுக்கு முன்னாடி ஆர்சி புக்கை எடுத்துப் பாருங்க

ஆர்சில வண்டி கலர் எழுதியிருக்கும். அதே கலர் அடிச்சா பிரச்சனை இல்ல, மாத்தறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில மாத்திக்கணும். அப்புறம் இந்த ஆர்மி பச்சை ஆசை, புல்லட் வச்சிருக்கற பாதி பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துச்சு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121-வது விதிப்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான். அதை விட்டுடுங்க.

இன்னொண்ணு, பழைய வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல் போகணும், அங்க சேசிஸ் நம்பரை பேப்பர் வச்சு பென்சில்ல தேச்சு எடுப்பாங்க. நம்பர் குத்தியிருக்கற இடத்துல கிரைண்டர் வைக்கவே கூடாது, பட்டியும் பூசக்கூடாது, தடிமனா பெயிண்ட்டும் ஏத்தக்கூடாது. வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தை போட்டோ எடுத்து வச்சுக்கங்க, உரிக்கும்போது அங்க கையால மட்டும் ரிமூவர் போட்டு பித்தளை பிரஷ்ல மெதுவா தேயுங்க.

உடம்பைக் காப்பாத்திக்கறது

இதை யாரும் படிக்காம தாண்டிடுவீங்கன்னு தெரியும், தயவு செஞ்சு தாண்டாதீங்க. அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நம்ம நாட்டுல வீட்டு பெயிண்ட்டுக்கே 90 பிபிஎம்-னு கட்டுப்பாடு 2016 விதியிலதான் வந்துச்சு, 80-கள்ல வந்த வண்டி பெயிண்ட் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. அதனால பழைய பெயிண்ட்டை காஞ்ச உப்புத்தாள் போட்டு தேச்சு தூசி கிளப்பாதீங்க, முக்கியமா வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா. அந்த வேலை செஞ்ச சட்டையோட உள்ள போய் பிள்ளையைத் தூக்காதீங்க.

ரெண்டாவது, 2கே பெயிண்ட். 2கே-ன்னா ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட், கடையில பியூ பெயிண்ட்னு கேட்டா தருவாங்க. அந்த பியூ ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு, அது நுரையீரல்ல போனா ஆஸ்துமா வரும், ஒரு தடவை உடம்பு அதுக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாக்கூட மூச்சு இழுக்கும். துணி மாஸ்க், கொரோனா நேரத்து மாஸ்க் எதுவும் இதுக்கு உதவாது. வெளியில இருந்து சுத்தமான காத்து வர்ற மாஸ்க்தான் சரியான வழி, அது உள்ள பெயிண்ட் பூத் இருந்தா கலர் கோட்டை மட்டும் அங்க கொடுத்து அடிச்சுக்கிறது புத்திசாலித்தனம், மத்த எல்லா வேலையும் நீங்களே பண்ணிட்டு. நான் அப்படித்தான் பண்ணேன். எபாக்ஸி பிரைமர் வரைக்கும் வீட்டுல அடிச்சேன், அதோட ஹார்டனர் வேற வகை, அதுக்கும் ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் (ரசாயன ஆவியைப் பிடிக்கற ஃபில்டர்) போட்ட முழு மாஸ்க் வாங்கி, புது கேட்ரிட்ஜோட. அதுக்கப்புறம் பியூ ஹார்டனர் போட்டு அடிக்கிறதெல்லாம் பூத்லதான்.

பிரிக்கிறது

எல்லாத்தையும் பிரிக்கணும். வண்டில வச்சுக்கிட்டே டேப் ஒட்டி அடிக்கிறது வேண்டாம், துரு ஒளிஞ்சிருக்கறதே ஒரு பார்ட் இன்னொரு பார்ட்டோட சேர்ற இடத்துலதான். ஒவ்வொரு போல்ட்டு கூட்டத்தையும் தனித்தனி கவர்ல போட்டு எழுதி வைங்க, பிரிக்கறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ, வயரிங் போற வழிக்கு குறைஞ்சது ஒரு இருபது போட்டோ. இறுகின போல்ட்டுக்கு முந்தின நாளே துருக்கு விடற ஆயில் ஊத்தி வச்சுடுங்க. ஃபோர்க்கை இறக்கும்போது ஸ்டியரிங் கப்ல இருக்கற பால்ஸ் லூஸா இருக்கும், கீழ ஒரு வேட்டியை விரிச்சுக்கங்க.

பிரிச்சதும் பார்ட்டை மூணு கூட்டமா பிரிச்சுடுங்க. சேசிஸ், ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டு மாதிரி கனமான இரும்பு ஒண்ணு. டேங்க், மட்கார்டு, டூல்பாக்ஸ் மாதிரி தகடு இன்னொண்ணு. மூணாவது அலுமினியம், புல்லட்ல ஹெட்லைட்டைச் சுத்தி இருக்கற அந்தப் பெரிய மூஞ்சி, ரெண்டு பைலட் லேம்ப்போட இருக்குமே, அது அலுமினிய வார்ப்பு. இப்பவே சொல்லிடறேன், காஸ்டிக் சோடா தண்ணில போட்டு பெயிண்ட் உரிக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, இரும்புக்கு அது ஓடும், அலுமினியத்தைப் போட்டீங்கன்னா நுரை பொங்கி பார்ட்டையே தின்னுடும்.

குரோம் பார்ட் எதையும் இந்த லிஸ்ட்ல சேக்காதீங்க. குரோம் மேல பெயிண்ட் பிடிக்காது, அதை உரிக்கிறது பிளேட்டிங் கடைக்காரங்க வேலை.

டேங்க் தனி கதை

பெட்ரோல் வடிச்ச காலி டேங்க், நிறைஞ்ச டேங்க்கை விட ஆபத்து. உள்ள இருக்கற ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், ஒரு பொறி போதும். டேங்க்கை வடிச்சு, சோப்புத்தண்ணி விட்டு ரெண்டு மூணு தடவை குலுக்கிக் கழுவி, வெயில்ல மூடியைத் திறந்து ரெண்டு நாள் வைங்க. அதுக்கப்புறமும் கிரைண்டர் வயர் பிரஷ் டேங்க்ல வைக்காதீங்க, கெமிக்கல் ரிமூவர் மட்டும். வெல்டிங் வேணும்னா அதுல பழக்கமுள்ளவங்ககிட்ட கொண்டு போங்க.

உள்ள துரு இருந்தா வெளிய பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே அதை முடிச்சுடணும். பாஸ்பாரிக் ஆசிட் கலவையோ, சிட்ரிக் ஆசிட்டோ (எலுமிச்சை உப்புன்னு மளிகைக் கடையில கிடைக்கும்) சுடுதண்ணில கலந்து நிரப்பி ஒரு ராத்திரி வச்சு, வடிச்சு, சோடா உப்பு கரைச்ச தண்ணில அலசி, உடனே காய வைக்கணும். இந்த வரிசையை மாத்தினீங்கன்னா புது பெயிண்ட் மேல ஆசிட் வழிஞ்சு அந்த இடம் போயிடும். இப்ப பம்புல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காத்துல இருக்கற தண்ணியை இழுத்துக்கும், அதனால பழைய இரும்பு டேங்க்கை பாதி காலியா மாசக்கணக்குல நிறுத்தி வைக்காதீங்க.

பெயிண்ட் உரிக்கிறது

மூணு வழி இருக்கு, மூணையும் நான் கலந்துதான் பண்ணேன்.

தகடு பார்ட்டுக்கு பெயிண்ட் ரிமூவர். பிரஷ்ல தடிமனா, ஒரே பக்கமா இழுத்துப் பூசணும், திரும்பத் திரும்ப தேச்சா வேலை செய்யாது. பூசினதும் மேல பாலிதீன் கவர் போட்டு மூடிடுங்க, நம்ம வெயிலுக்கு மூடலன்னா அஞ்சு நிமிஷத்துல காஞ்சு போகும். இருபது நிமிஷம் கழிச்சு பெயிண்ட் சுருண்டு தோல் மாதிரி எழும்பும், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்ல வழிச்சு எடுங்க. பழைய கம்பெனி பெயிண்ட் சூளையில சுட்டது, ஒரு ரவுண்டுல போகாது, ரெண்டு மூணு தடவை போடணும். மெல்லிசான சர்ஜிக்கல் கிளவுஸை ரிமூவர் தின்னுடும், தடிமனான கெமிக்கல் கிளவுஸ் போடுங்க, கண்ணுக்கு கண்ணாடி, வேலை வெட்டவெளியில. முடிஞ்சதும் மடிப்பு, ஓட்டை, தகடு மடிச்ச ஓரம் எல்லா இடத்துலயும் இருந்து ரிமூவரை முழுசா எடுக்கணும், டப்பால தண்ணின்னு போட்டிருந்தா தண்ணில, தின்னர்னு போட்டிருந்தா தின்னர்ல. மடிப்புக்குள்ள கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஆறு மாசம் கழிச்சு அங்க இருந்து புது பெயிண்ட் எழும்பும்.

சேசிஸ், ஸ்டாண்டுக்கு சாண்ட் பிளாஸ்டிங். மூலை முடுக்கெல்லாம் வேற எதாலயும் போக முடியாது. ஆனா எந்தக் கடைன்னு பாத்துப் போங்க. ஆத்துமணலோ கடல்மணலோ போட்டு அடிக்கிற இடம் வேண்டாம், கடல்மணல்ல உப்பு இருக்கு, அந்த உப்பு இரும்புக்குள்ள குத்தி இறங்கிடும், அதோட சாதா மணல் தூசி அங்க வேலை பாக்கற ஆளோட நுரையீரலையே முடிச்சுடும். கார்னெட் போட்டு அடிக்கிற இடமா கேளுங்க, நம்ம தென்கடற்கரையில சிவப்பா தெரியற அந்த மணல்ல இருந்து பிரிச்செடுக்கற கல்லுதான் அது. டேங்க்கையும் மட்கார்டையும் வேகமான பிளாஸ்டிங்ல கொடுக்காதீங்க, தகடு அலை அலையா நெளிஞ்சிடும், அப்புறம் முழுக்க பட்டி பூசித்தான் சரி பண்ணணும். கொடுக்கறதுக்கு முன்னாடி மரை இருக்கற ஓட்டையிலெல்லாம் பழைய போல்ட்டை முறுக்கி விட்டுடுங்க, ஸ்டியரிங் கப், ஸ்விங் ஆர்ம் புஷ் இருக்கற இடத்துக்கு ரப்பர் கார்க்கு, சேசிஸ் நம்பருக்கு நாலு சுத்து தடிமனான டேப். எஞ்சின் கேசிங்கை கொடுக்கவே கொடுக்காதீங்க, ஆயில் போற வழியில தூள் போய் உக்காந்தா எஞ்சின் போச்சு.

வயர் கப் பிரஷ் மாட்டின கிரைண்டர் மூணாவது வழி, பழைய பெயிண்ட்டை ரிமூவர்ல எடுத்தப்புறம் மிச்சமிருக்கற துருவுக்கு மட்டும். வேகமா போகும், கம்பி தெறிச்சு வரும், கண்ணாடியும் முழுக்கை சட்டையும் இல்லாம தொடாதீங்க. அதுவும் துருவை வழிச்சு பளபளன்னு ஆக்கிடும், குழிக்குள்ள இருக்கற துரு அப்படியே இருக்கும், மேல மினுங்கறதை நம்பக்கூடாது.

உரிச்ச சேசிஸை ஒரு தடவை நிதானமா பாருங்க. ஸ்டாண்டு மாட்டுற லக், ஸ்விங் ஆர்ம் பிவட், எஞ்சின் மவுண்ட் இங்கெல்லாம் மயிரிழை விரிசல் இருந்தா இப்பதான் தெரியும். எனக்கு சென்டர் ஸ்டாண்டு லக்ல ஒரு விரிசல் இருந்துச்சு, முந்தி பெயிண்ட் அடிச்சவங்க அது மேலயே அடிச்சிருந்தாங்க. வெல்டிங் எல்லாம் இப்ப முடிச்சுடணும்.

குழித்துருவுக்கு பேட்டரி சார்ஜர்

சின்ன பார்ட்டுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச முறை இதுதான், டூல்பாக்ஸ் மூடி, பிரேக் பெடல், ஸ்டே கம்பி எல்லாம் இப்படித்தான் எடுத்தேன். பிளாஸ்டிக் டிரம்ல தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் வாஷிங் சோடா. துணி துவைக்கிற வாஷிங் சோடா, சமையல் சோடா இல்ல. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் கிளிப்பை துருப்பிடிச்ச பார்ட்ல மாட்டுங்க, பாசிட்டிவை ஒரு வேண்டாத இரும்புத் துண்டுல, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது. மாத்தி மாட்டினா உங்க பார்ட் கரைஞ்சு போயிடும், ரெண்டு தடவை பாத்துட்டு ஸ்விட்ச் போடுங்க.

பாசிட்டிவ்ல எவர்சில்வர் துண்டு போடாதீங்க. நிறைய வீடியோல சுத்தமா இருக்குன்னு அதைத்தான் காட்டறாங்க, அதுல இருக்கற குரோமியம் தண்ணில கரைஞ்சு விஷமா நிக்கும், அதை எங்க கொட்டுவீங்க. சாதா கம்பி போதும். அதே மாதிரி அலுமினியமும் குரோம் பூசினதும் உள்ள போடக்கூடாது. குமிழி குமிழியா வர்றது ஹைட்ரஜன், அதனால வெட்டவெளியில வைங்க, பக்கத்துல பீடி சிகரெட் கூடாது, கிளிப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்சை அணைங்க.

ஒரு ராத்திரி விட்டு காலையில எடுத்தா துரு கறுப்பு மாவா மாறியிருக்கும், தண்ணிக்கடியிலயே நைலான் பிரஷ்ல தேச்சா வந்துடும். நல்ல இரும்பு ஒரு இழை கூட குறையாது, ஆசிட் மாதிரி இது இரும்பைத் தின்னாது. ஆசிட் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், ஸ்பிரிங்கையும் ஹை டென்சைல் போல்ட்டையும் ஆசிட்லயும் போடாதீங்க, இந்த டிரம்லயும் போடாதீங்க, ஹைட்ரஜன் உள்ள ஏறி நொறுங்கற மாதிரி ஆயிடும், ஓடும்போது உடையும்.

வெறும் இரும்பு நிக்கிற நேரம்

இப்ப எல்லா பார்ட்டும் சாம்பல் கலர்ல அழகா இருக்கும், இங்கதான் அவசரமும் வேணும் நிதானமும் வேணும். கடல் காத்துல வெறும் இரும்பு ராத்திரி தாண்டாது. பிளாஸ்டிங் முடிஞ்ச அன்னைக்கே, முடிஞ்சா நாலு மணி நேரத்துக்குள்ள பிரைமர் ஏறிடணும். நான் பிளாஸ்டிங் கடைக்கு காலையில ஏழு மணிக்கே போய் நின்னு, முதல் வேலையா அடிக்க வச்சு, பழைய பெட்ஷீட்ல சுத்தி ஆட்டோல ஏத்திட்டு வந்தேன்.

வெறுங்கையால தொடாதீங்க. வேர்வை உப்புதான், விரல் ரேகை அப்படியே துருவா எழும்பும், மறுநாள் பாத்தா அஞ்சு விரலும் தெரியும். கழுவற தண்ணியும் முக்கியம். எங்க ஊர்ல போர் தண்ணி உப்பு, அதுல கழுவி காய வச்சா உப்பு மட்டும் இரும்பு மேல தங்கிடும், மேல பெயிண்ட் அடிச்சப்புறம் அந்த உப்பு பெயிண்ட் வழியாவே வெளிய இருக்கற ஈரத்தை இழுத்து கொப்புளம் போட வைக்கும். என் டேங்க்ல வந்த கொப்புளத்துக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நம்பறேன். கடைசி அலசல் ஆர்ஓ தண்ணில, இல்லன்னா பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல. அலசும்போது கவனிங்க, தண்ணி தகடு முழுக்க ஒரே விரிப்பா நின்னா சுத்தம், அங்கங்க முத்து முத்தா பிரிஞ்சா அங்க எண்ணெய் இருக்கு. பாத்ததும் ஹேர் டிரையரோ வெயிலோ, உடனே காய வைக்கணும்.

அதுக்கப்புறம் கிரீஸ் ரிமூவர். ரெண்டு துணி, ஒண்ணுல நனைச்சுத் துடைச்சு, காயறதுக்குள்ள அடுத்த காஞ்ச துணியால எடுக்கணும், காய விட்டா எண்ணெய் அங்கயே திரும்ப உக்காந்துக்கும். இதை உப்புத்தாள் போடறதுக்கு முன்னாடியும் பண்ணணும் பின்னாடியும் பண்ணணும், எண்ணெய் மேல தேச்சா தாள் போடற கீறலுக்குள்ள எண்ணெயை அழுத்தி விட்ட மாதிரி. ரிமூவர் போட்டு உரிச்ச தகடு வழவழன்னு இருக்கும், 80 இல்ல 120 நம்பர் தாள்ல ஒரு கை தேச்சாதான் பிரைமர் பிடிக்கும்.

எபாக்ஸி பிரைமர்

ரெட் ஆக்சைடு வேண்டாம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது சரி, வண்டிக்கு ஹார்டனர் கலக்கற 2கே எபாக்ஸி பிரைமர்தான். ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ள விடும், எபாக்ஸி மூடிடும். துரு கன்வர்ட்டர்னு பாஸ்பாரிக் ஆசிட் திரவம் விக்கறாங்க, அதைப் போட்டா நல்லா அலசி ஆசிட்டை எடுக்காம எபாக்ஸி அடிக்காதீங்க, மிச்ச ஆசிட் எபாக்ஸியை இறுக விடாது. எட்ச் பிரைமருக்கு (ஆசிட் கலந்த பிரைமர்) மேலயும் பெரும்பாலான எபாக்ஸி ஒத்துவராது. ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுங்க, நான் துருவை முழுசா எடுத்துட்டு நேரா எபாக்ஸி போட்டேன்.

கலவை விகிதம் டப்பால போட்டிருக்கறபடி அளந்து கலக்கணும், கண்ணளவு கூடாது. கலந்து டப்பால சொல்ற நேரம் சும்மா வச்சு, அப்புறம் அடிங்க. ரெண்டு கோட்டு, நடுவுல இருபது நிமிஷம். டப்பால இன்னொரு நேரமும் இருக்கும், இத்தனை மணி நேரத்துக்குள்ள அடுத்த கோட்டு அடிச்சா தேய்க்க வேண்டாம்னு. அதைத் தாண்டிட்டா தேச்சுட்டுத்தான் அடிக்கணும்.

பவுடர் கோட்டிங் போடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. கடலை விட்டுத் தள்ளி, மழை குறைவான ஊருன்னா சேசிஸுக்கு தாராளமா போடுங்க, கல்லு பட்டா தாங்கும். கடலோரத்துல நான் போட மாட்டேன், ஏன்னா ஒரு இடத்துல கல்லு பட்டு உடைஞ்சா அந்த ஓட்டை வழியா தண்ணி போய் கோட்டிங்குக்கு அடியிலயே துரு பரவும், மேல பாத்தா தெரியாது, தெரியும்போது தாளாட்டம் உரிஞ்சு வரும், டச் அப் பண்ணவும் முடியாது. அதோட அது 180, 200 டிகிரி அடுப்புல போற வேலை, பட்டி பூசின பார்ட்டையும் ஈயப்பத்து வச்ச டேங்க்கையும் அதுக்குள்ள அனுப்பக்கூடாது, பட்டி வெடிக்கும், பத்து உருகிடும்.

பட்டி

எபாக்ஸி காஞ்சப்புறம் 180 தாள்ல தேச்சுட்டு அது மேல பட்டி, வெறும் இரும்பு மேல வேண்டாம். பெரிய நெளிசலை டிங்கர்கிட்ட தட்டி எடுத்துட்டு வாங்க, பட்டி ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு மேல ஏறக்கூடாது. ஹார்டனர் அதிகமாப் போட்டா சீக்கிரம் இறுகும்னு சேத்துப் போடுவாங்க, அந்தக் கறை பின்னாடி வெள்ளைக் கலர்ல எல்லாம் மேல வந்து தெரியும். நம்ம வெயிலுக்கு அஞ்சு நிமிஷத்துல இறுகிடும், கோலிக்குண்டு அளவு கலந்து கலந்து பூசுங்க.

முக்கியமான விஷயம், பட்டியை தண்ணி ஊத்தி தேய்க்காதீங்க. பெரும்பாலான கடையில பக்கெட்டும் தண்ணியுமாத்தான் தேய்ப்பாங்க, தூசி வராது, வேலை சுகம். பட்டி பஞ்சு மாதிரி, அந்தத் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், மேல பெயிண்ட் போட்டு மூடினா அது எங்க போகும்? வெயில்ல வண்டி சூடாகும்போது கொப்புளமா வரும். காஞ்ச தாள் 120, அப்புறம் 180, 240, மரக்கட்டையில சுத்தி தேயுங்க. பட்டி புதுசு, ஈயம் இல்ல, தூசி மாஸ்க் போதும். மேல கறுப்பு ஸ்ப்ரேயை லேசா தூவிட்டு தேச்சா பள்ளம் எங்கன்னு கறுப்பா காட்டிக்கொடுக்கும். பட்டியைத் தேய்க்கும்போது எங்கயாவது வெறும் இரும்பு தெரிஞ்சா அந்த இடத்துல திரும்ப எபாக்ஸி.

அதுக்கு மேல 2கே சர்ஃபேசர் (தேச்சு மட்டமாக்கறதுக்குன்னே அடிக்கிற பிரைமர்) ரெண்டு கோட்டு, காஞ்சதும் 400-ல ஆரம்பிச்சு 600-ல முடிங்க.

கலர்

பூத்ல கொடுத்தாலும் சரி, காத்து வர்ற மாஸ்க்கோட நீங்களே அடிச்சாலும் சரி, நேரம் பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில வேண்டாம், காத்துல ஈரம் இருந்தா பெயிண்ட் பால் ஊத்தின மாதிரி மங்கிடும். ஆடிக்காத்துலயும் வேண்டாம், தூசி. தை, மாசி காலை எட்டுல இருந்து பத்து வரைக்கும் எனக்கு சரியா வந்துச்சு. சந்தேகமா இருந்தா ஈரத்துணியால பார்ட்ல ஒரு இடத்தைத் தொட்டு விடுங்க, கால் மணி நேரத்துக்குள்ள காஞ்சா அடிக்கலாம். சாயங்காலம் லைட் போட்டு அடிச்சீங்கன்னா பூச்சி வந்து ஒட்டும். தரையில தண்ணி தெளிச்சுக்கங்க, கம்ப்ரசர்ல தண்ணியைப் பிடிக்கற வாட்டர் டிராப் மாட்டியே ஆகணும், நம்ம காத்துல கம்ப்ரசர் ஓடும்போதே அதோட டேங்க்ல தண்ணி சேரும்.

சாதா ஸ்ப்ரே கேன்ல டேங்க் அடிக்காதீங்க. ஹார்டனர் இல்லாத பெயிண்ட் பெட்ரோல் ஒரு சொட்டு பட்டாலே இளகிடும், பங்க்ல பெட்ரோல் போடறப்ப மூடிக்குப் பக்கத்துல ஒரு வளையமே விழும். ஹார்டனர் போட்ட பியூ தான் பெட்ரோலைத் தாங்கும்.

கன்னை பதினஞ்சு இருபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடிங்க, கையை வளைக்காம பார்ட்டுக்கு நேரா இழுங்க, ஒரு இழுப்பு முந்தின இழுப்புல பாதியை மூடணும், பார்ட்டுக்கு வெளியில ஆரம்பிச்சு வெளியிலயே முடிங்க. முதல் கோட்டு லேசா, கீழ பிரைமர் தெரியற மாதிரி. பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு ரெண்டாவது, மூணாவது நிறைவா. சேசிஸ்ல முதல்ல மூலைகளை அடிச்சுட்டு அப்புறம் நீளக் குழாய், மாத்தி அடிச்சா மூலைக்குப் போறதுக்குள்ள குழாய்ல வழிஞ்சிடும். வழிஞ்சா தொடாதீங்க, முழுசா இறுகட்டும், அப்புறம் 1000 தாள்ல கட்டை வச்சு எடுத்துக்கலாம். அடிக்கும்போது மீன்கண்ணு மாதிரி குழி விழுந்தா எங்கயோ சிலிகான் இருக்கு, அதை பெயிண்ட் போட்டு மூட முடியாது, நிறுத்தி துடைச்சு திரும்பத்தான் பண்ணணும்.

எனக்கு கறுப்பு. 1955-ல மெட்ராஸ்ல புல்லட் வேலை ஆரம்பிச்ச காலத்துல இருந்து வர்ற கறுப்பும் தங்கக் கோடும்தான் அந்த டேங்க்குக்கு அழகுன்னு எனக்குத் தோணுது. அந்தக் கோட்டை திருவொற்றியூர் ஃபேக்டரில கையாலதான் போட்டாங்க. ஸ்டிக்கர் ஒட்ட மனசு வரல, எங்க ஊர்ல லாரிக்கு கோடு போடற ஒரு அண்ணன்கிட்ட டேங்க்கை எடுத்துட்டுப் போனேன். நீளமான முடி உள்ள பிரஷ்ல மூச்சைப் பிடிச்சு, டேப் இல்லாம, முழங்கையை டேங்க்ல ஊன்றி ஒரே இழுப்பா இழுத்தாரு. அது காஞ்சதும் பூத்ல கொடுத்து 2கே கிளியர் (நிறமில்லாத மேல் பூச்சு) ரெண்டு கோட்டு மேல போட்டேன், இல்லன்னா பெட்ரோல் துடைக்கிறப்பல்லாம் கோடு தேயும்.

திரும்ப மாட்டுறது

குறைஞ்சது ஒரு வாரம் தொங்க விட்டு வைங்க. தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இளசா இருக்கும், வாஷர் போட்டு முறுக்கினா அழுந்தி சுருங்கிடும். ஒரு மாசம் வாக்ஸ் பாலிஷ் போடாதீங்க. மரையில எல்லாம் மரை வெட்டற டேப் கருவியை விட்டு பெயிண்ட்டை எடுத்துட்டு கிரீஸ் தடவி போல்ட் போடுங்க. எர்த் வயர் மாட்டற இடத்துல மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி, வயரை மாட்டினப்புறம் மேல கிரீஸ் பூசிடுங்க, இதை மறந்துட்டு ஹெட்லைட் மங்கலா எரியுதுன்னு வயரிங் பூரா பிரிச்சவங்களை எனக்குத் தெரியும்.

மட்கார்டு அடிப்பக்கம் யாரும் பாக்காத இடம், துரு அங்க இருந்துதான் கிளம்பும், அதனால அங்க எபாக்ஸிக்கு மேல கார் அண்டர் கோட்டிங் தடிமனா. சேசிஸ் குழாய்க்குள்ள கேவிட்டி வாக்ஸ் பீச்சி விட்டு, ஒரு நாள் புரட்டிப் புரட்டி வைங்க. குழாயில தண்ணி வடியற சின்ன ஓட்டை இருக்கும், பெயிண்ட்ல அடைச்சிருந்தா கம்பியால குத்தி விடுங்க.

ஆரம்பிச்ச நாள்ல இருந்து கிக் அடிச்ச நாள் வரைக்கும் எனக்கு மூணு மாசம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை மட்டும் வேலை பாத்து. வண்டியை வெளிய எடுத்த அன்னைக்கு பெரியப்பாவை உக்கார வச்சு துறைமுகம் ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வந்தேன். இறங்கினதும் அவங்க முதல்ல குனிஞ்சு பாத்தது பின் மட்கார்டு அடிப்பக்கம்.